சின்னவள் பயந்த படம்

பேய்ப்படம் ஓடும் தியேட்டரில் எல்லோரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியவள் மட்டும் உடம்பைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்து இருக்கையில் இருக்கும் தங்கையின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பெரியவளுக்குச் சினிமாவுக்குச் சத்தம் செய்கிற வேலை. திரையில் நடிகர் நடப்பார். காலடிச் சத்தம் பெரியவளுடையது. ஒரு சின்ன அறைக்குள் படத்தைப் பார்த்துக்கொண்டே, செருப்பு மாற்றி மாற்றி நடந்து பதிவு செய்வாள். எலும்பு முறிகிறதா, அது முட்டைக்கோஸ் தண்டு. கழுத்தை நெரிக்கிறார்களா, அது ஈரத் தோல் கையுறை. சுவரில் ஏதோ ஊர்ந்து வருகிறதென்றால், நனைந்த துண்டைக் கண்ணாடிமேல் மெதுவாக இழுக்கிறாள் என்று அர்த்தம். அவளைத் தேடி வந்ததெல்லாம் பெரும்பாலும் பேய்ப்படங்கள்தான். பேய் கண்ணுக்குத் தெரிவது இரண்டு நிமிஷம், காதுக்குத் தெரிவது இரண்டு மணி நேரம் இல்லையா?

சின்னவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவாள். ஒரு மயிரிழை தப்பினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். தியேட்டரில் அதே கறார் அவள் காதுக்கு வந்துவிடும்.

"இது கோஸு."

"சும்மா இருடீ."

"இந்தக் கதவு போன படத்துலயும் வந்துச்சே. கொஞ்சம் எண்ணெய் விடக் கூடாதா? பாவம், பேய் எவ்வளவு கஷ்டப்பட்டுத் திறக்குது."

முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். படம் விட்டு வெளியே வந்ததும் பெரியவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"எங்கயாவது பயந்தியா?"

"பசிச்சுது."

"திமிரு. எல்லா இடத்துலயும் ஜனங்க அலறினாங்க, பாத்தேல்ல?"

"அது அலறல் இல்லக்கா. திடீர்னு டமார்னு போட்டா தூங்கற குழந்தை கூடத்தான் துள்ளும். அதுக்குப் பேரு பயமா? இப்ப வர்ற பேய்ப்படமெல்லாம் ஒரே அச்சு. இருட்டு, கதவு, கண்ணாடி, டமார். டைரக்டருங்க கூடிப் பேசி வெச்ச மாதிரி."

"உன்னை ஒரு தடவையாவது நடுங்க வைக்காம நான் இந்த வேலையை விட மாட்டேன், பாரு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பெரியவள் சொன்னது விளையாட்டுக்கு என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள்.

அதற்கு நடுவில் அம்மா படுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. கல்யாணம் ஆகாத சின்னவள் வீட்டில்தான் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வாடகைக்கு ஒரு இரும்புக் கட்டில் எடுத்து முன்னறையில் போட்டாள். கடையில் பாதி நாள் வேலை, பாதி நாள் வீடு. எட்டு மாதம்.

அம்மாவுக்கு இடது கை மட்டும் அசையும். அதில் ஒரு மோதிரம். ஏதாவது வேண்டுமென்றால் அந்த மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள். டக் டக். கொஞ்சம் விட்டு, இன்னொரு டக். கூடவே தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும், கேள்வி கேட்கிற மாதிரி கடைசியில் தூக்கி. உடனே சமையலறையிலிருந்து சின்னவள், "இதோ வந்துட்டேம்மா" என்று ஓடி வருவாள். அவளுடைய வலது செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி வைத்திருந்தாள். புதுச்செருப்பு வாங்கப் போக நேரம் ஏது? அதனால் ஒரு கால் 'சப்' என்று விழும், மறு கால் 'சரக்' என்று இழுக்கும். தண்ணீரா, தலையணையா, புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமா என்பதையெல்லாம் அம்மாவின் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

பெரியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அப்படி வந்த ஒரு நாள், வேலைக்கு வைத்திருக்கும் பதிவுக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"அம்மா சத்தம் கொஞ்சம் எடுத்து வைக்கலாம்னு. பேச்சு இல்லாட்டி என்ன, இதுதானே இப்ப அவங்க பேச்சு. நமக்கு மட்டும்தான்டீ. வேற யாருக்கு இது புரியப் போகுது?"

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மதியம் முழுக்க அந்தக் கருவி கட்டிலுக்கடியில் சின்னச் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா போய் ஒரு மாதம் கழித்து, இரும்புக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்த அன்று, வீட்டில் அந்த அமைதி தாங்க முடியாமல் சின்னவள் அக்காவுக்குப் போன் செய்தாள். அன்று எடுத்ததைக் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்றாள்.

மறுமுனையில் பெரியவள் அழுதாள்.

"மெமரி கார்டு கெட்டுப் போச்சுடீ. எதுவுமே ஏறலை. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"விடுக்கா. நீ அழாத. வேணும்னா செஞ்சே? விடு."

ஆமாம், சின்னவள்தான் ஆறுதல் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு புதுப் பேய்ப்படம் வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் பெரியவள் இந்த முறை தங்கையைக் கூப்பிடவில்லை. போன் செய்து கேட்டதற்கு, "அது ஒண்ணும் பிரமாதமா இல்லடீ, உனக்குப் பிடிக்காது. அடுத்த படத்துக்குப் போலாம்" என்றாள். கூச்சம் போலிருக்கிறது என்று சின்னவள் விட்டுவிட்டாள்.

விடாதவள் கடையில் உடன் வேலை பார்க்கிறவள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கடையில் அவளுக்குப் பேர் சோடாபுட்டி. அவளே அந்தப் பேரைச் சொல்லித்தான் வாடிக்கையாளர்களிடம் அறிமுகம் செய்துகொள்வாள்.

"எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு வந்து பாத்ரூமுக்குக் கூடத் தனியாப் போக மாட்டேங்கறார். வா, போலாம்."

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் சொல்றேன் கேளு, முதல் பாதியில கதவு திறக்கும். ரெண்டாவது பாதியில கதவு மூடும்."

"இதுல அதெல்லாம் இல்லையாம்பா. பேயையே காட்டலையாம். வெறும் சத்தம்தானாம். உங்க அக்கா வேலையாச்சே, பாக்காம இருப்பியா?"

கடை விடுமுறை நாளில் மத்தியானக் காட்சிக்குப் போனார்கள்.

படம் உண்மையிலேயே வேறு மாதிரித்தான் இருந்தது. ஒரு குடும்பம் ஒரு வீட்டுக்குக் குடி வருகிறது. மாடியில் ஒரு அறை காலி. வெயில் அடிக்கிற பகல் வேளை. இருட்டு இல்லை, ரத்தம் இல்லை. அந்த வீட்டுப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். சின்னவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"இந்தக் குழாய்ச் சத்தம் பிளாஸ்டிக் வாளியில எடுத்தது."

"பேசாம இரு, படத்தைக் கேக்க விடு" என்று சோடாபுட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் அந்தப் பெண் குழாயை மூடினாள். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை.

டக் டக்.

டக்.

பிறகு அந்த முனகல், கடைசியில் தூக்கி.

"இதோ வந்துட்டேம்மா!"

சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த சோளப்பொரி கீழே கொட்டிவிட்டது. அவள் நினைத்துச் செய்யவில்லை, கண்ணுகளா. எட்டு மாதம் பழகிய கால், அதுவாக எழுந்தது. பழகிய வாய், அதுவாகச் சொன்னது. அந்தக் கொட்டகையில் முந்நூறு பேர் பயந்து இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் தண்ணீர் கொண்டு போக எழுந்தாள்.

"பேய்க்கே பதில் சொல்றாங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் மாடிப் பக்கமிருந்து காலடி கேட்டது. சப். சரக். சப். சரக். வேகமாக, நெருங்கி நெருங்கி. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண் வீறிட்டாள்.

சின்னவள் மெதுவாக உட்கார்ந்தாள். தட்டும் சத்தத்தை அக்கா வேறு மோதிரம் வைத்துச் செய்திருக்கலாம் என்று மனது ஒரு நொடி சமாதானம் தேடியது. காலடிக்கு என்ன சொல்வது? அந்தச் 'சரக்' அவள் ஊக்குக் குத்தின செருப்பு. அம்மாவுக்காக ஓடி வந்த அவளுடைய கால். அதைக் கேட்டுத்தான் ஊர் அலறிக்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது படிக்கட்டு முழுக்க அந்தப் பேச்சுதான். "எத்தனை வருஷம் கழிச்சு ஒரு புதுசான பேய்ப்படம்!" என்றார் ஒருவர். "அந்தத் தட்டற சத்தம் இருக்கு பாரு, எங்கேருந்துதான் பிடிச்சாங்களோ" என்றாள் அவர் மனைவி.

சோடாபுட்டி தோழியின் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா, வெளிறிப் போயிட்ட? இதுக்குத்தான் அவ்வளவு வாய் பேசினியா?"

"அது எங்கம்மா."

"எது?"

"அந்தப் பேய்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை கையை விடாமல் கூட நடந்தாள்.

மறுநாள் காலையில் சின்னவள் அக்காவின் வேலையிடத்துக்குப் போனாள். தரையில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒன்றில் மணல், ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் ஓடு. சுவர் நெடுக நூறு ஜோடிச் செருப்பு. பெரியவள் எதற்கோ சத்தம் எடுக்க, கையில் ஒரு பூட்டோடு நின்றாள். தங்கையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்துட்டியா?"

"மெமரி கார்டு கெட்டுப் போச்சுன்னியே."

"உக்காரு முதல்ல."

"உக்காரலை. கெட்டுப் போச்சுன்னு சொல்லி அழுதியே. நான் வேற உன்னை அழாத அழாதன்னேன். அதையும் எங்கயாவது பதிவு பண்ணி வெச்சிருக்கியா? அடுத்த படத்துக்கு ஆகும்."

"சின்னது, கேளு. நீ அன்னிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே டைரக்டர் வந்து, கதவு கிறீச்னு வேண்டாம், டமார் வேண்டாம், ஜனங்க இதுவரைக்கும் கேக்காத ஒண்ணு கொடுங்கன்னார். நீயே சொல்லுவியே, எல்லாம் ஒரே அச்சுன்னு. நான் செஞ்சு பாத்தேன்டீ. மோதிரம் மாத்தினேன், கம்பி மாத்தினேன், பத்து நாள் தட்டினேன். எல்லாம் ஒரு ஆள் உக்காந்து தட்டற மாதிரியே இருந்துச்சு. அம்மா தட்டினது வேற. அதுல ஒரு..." பெரியவள் வார்த்தை தேடினாள். "யாராவது வர மாட்டாங்களான்னு இருக்கு அதுல."

"யாராவது இல்ல. நான்."

பெரியவள் பூட்டைக் கீழே வைத்தாள்.

"யாருக்கும் தெரியாதுடீ அது அம்மான்னு."

"எனக்குத் தெரியுமே. நான் சொன்ன பதிலை வெட்டிட்டு, என் காலை மட்டும் வெச்சிருக்கே. உன் வேலை எனக்குத் தெரியாதா? ஒரு ஈ பறந்தாக் கூடச் சுரண்டி எடுத்துடுவே. என் செருப்பை ஏன் எடுக்கலை?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் பெரியவள். மறைக்கவில்லை. "பயமா இருந்துச்சு, அதான்."

பிறகு பெரியவள் குரலை உயர்த்தினாள்.

"உனக்கென்ன, எட்டு மாசம் கிடைச்சுது. எனக்கு ஞாயித்துக்கிழமைதான். நான் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். என் முகத்தைப் பாத்துக்கிட்டே அம்மா தட்டுவாங்க. நான் என்னம்மான்னு கேட்டாக் கண்ணு கதவுப் பக்கம் போகும். நீ வரணும். எனக்குன்னு அவங்க ஒரு தடவை தட்டினதில்ல. அந்தச் சத்தத்தை நான் எடுத்து ஏதாவது செஞ்சா என்ன தப்புன்னு தோணிச்சு. தப்புதான். ஆனா தோணிச்சு."

சின்னவளுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததால் கோபம் குறையவும் இல்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ கொடுத்திருக்க மாட்டே."

"ஆமா."

"அப்புறம்?"

இப்படியும் ஒரு நியாயம் உண்டா என்று சின்னவள் அக்காவையே பார்த்தாள். "எனக்கு அது வேணும்" என்றாள். "நீ சினிமாவுக்காகச் செஞ்சது வேண்டாம். அம்மா தட்டினது. அன்னிக்கு மத்தியானம் எடுத்தது, முழுசா. அதைக் கொடு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

"அப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன். சத்தியமா."

அந்த நான்கு நாளும் சின்னவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். போனது போகட்டும், ஊர் என்னவாவது கேட்டுவிட்டுப் போகட்டும். அம்மாவின் சத்தம் கையில் வந்துவிட்டால் அக்காவை மன்னித்துவிடலாம். மன்னிக்கத்தான் அவளுக்கும் ஆசை. இரண்டே பேர்தானே மிச்சம்?

ஞாயிறு மதியம் பெரியவள் வந்தாள். சொன்னபடி பதிவுக் கருவியும், காதில் மாட்டிக் கேட்கிற பெரிய காதுக்கருவியும் கொண்டு வந்திருந்தாள். முன்னறையில், கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலியைப் போட்டுச் சின்னவள் உட்கார்ந்தாள். தரையில் கட்டில் கால்கள் பதிந்த நான்கு தடம் இன்னும் இருந்தது. பெரியவள் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதுக்கருவியைத் தங்கைக்கு மாட்டிவிட்டாள். முடி சிக்காமல் ஒதுக்கியும் விட்டாள்.

முதலில் மின்விசிறி. பிறகு தூரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம். சின்னவள் சமையலறையில் ஏதோ கழுவிக்கொண்டிருக்கிறாள். தெருவில் ஒரு வண்டி. அம்மா தொண்டையைச் செருமுகிறார்கள். சின்னவள் கண்ணை மூடிச் சிரித்தாள். போர்வை சரசரக்கிறது, அம்மா இடது கையை வெளியே எடுக்கிறார்கள். இப்போது வரும்.

டக் டக்.

உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது. முதுகு நாற்காலியில் போய் மோதியது. கை தானாக எழுந்து காதுக்கருவியைப் பிடித்துக்கொண்டது, பிடுங்கி எறியப் போகிற மாதிரி. அவளுக்குள் அந்த முந்நூறு பேரும் அலறினார்கள். திரையிலிருந்த மாடியறை தெரிந்தது. அம்மாவின் முகத்தைத் தேடினாள், வரவில்லை.

டக்.

அவள் பயந்தாள். நடு மத்தியானத்தில், சொந்த வீட்டில், பெற்ற தாய் தண்ணீர் கேட்டதற்குப் பயந்தாள்.

கண்ணைத் திறந்தாள். எதிரே பெரியவள், உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு நொடிதான். வாயோரம் லேசாக விரிந்து, கண்ணில் ஒரு பளிச். பிறகு பெரியவளுக்கே உறைத்துவிட்டது. அவசரமாக அதைத் துடைத்துப் போட்டு அக்காவின் முகத்தை மாட்டிக்கொண்டாள். ஆனால் மயிரிழை தப்பினாலும் கண்டுபிடிக்கிறவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடீ? என்னாச்சு?"

சின்னவள் காதுக்கருவியைக் கழற்றினாள். அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துக்கா."

பெரியவள் நிறுத்தினாள். சின்னவள் வயரைச் சிக்கில்லாமல் சுற்றி, கருவியோடு சேர்த்து, அக்காவின் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எடுத்துட்டுப் போ."

"இதுக்காகத்தானே அவ்வளவு சண்டை போட்டே? இது உன்னுதுடீ. வெச்சுக்கோ."

"அம்மாவைக் கேக்கத்தான் கேட்டேன். இதுல இப்ப உன் படம்தான் கேக்குது."

"கொஞ்ச நாள் ஆகட்டும். பழகிடும். நாலு தடவை கேட்டா..."

"ஏன் சிரிச்சே?"

"நான் எங்க சிரிச்சேன்?"

சின்னவள் பையை அக்காவின் தோளில் மாட்டிவிட்டாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவள் வாசலைத் தாண்டியதும், திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. ஓங்கி அறையாமல், மெதுவாக.

கதவுக்கு அந்தப் பக்கம் படியிறங்கும் சத்தம் வரவில்லை. அக்கா அங்கேயேதான் நிற்கிறாள் என்று சின்னவளுக்குத் தெரியும். தங்கை அழுகிறாளா, உள்ளே போகிறாளா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு மெல்லிய சத்தமானாலும் பிடித்துவிடுகிற காது அது.

சின்னவள் காலை அசைக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சு கூடக் கேட்காமல், நின்ற இடத்திலேயே நின்றாள்.